எலும்பு மூட்டையும் நிச்சயமான நம்பிக்கையும்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கூட வேலை செய்யும் நண்பனின் அம்மா போன வாரம் இறந்துபோனார். ஓசூர் ரோடு கல்லறைக்கு நீங்களும் போயிருந்தீர்கள். அவருடைய கணவரை இருபது வருடத்துக்கு முன் புதைத்த அதே குழியைத் திறந்திருந்தார்கள். குழி வெட்டுகிறவர் உள்ளே கிடைத்த எலும்புகளை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து, குழிக்குள்ளேயே ஓரமாக வைத்தார். அதற்குப் பக்கத்தில் புதுப் பெட்டி இறங்கியது. ஆயர் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டு, உயிர்த்தெழுவோம் என்கிற நிச்சயமான நம்பிக்கையோடு இவரை மண்ணுக்கு ஒப்படைக்கிறோம் என்று வாசித்தார். நீங்கள் அந்தத் துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறீர்கள். ஆத்மா அழியாது என்று எங்கள் வீட்டிலும்தான் சொல்கிறார்கள், இதில் புதிதாக என்ன இருக்கிறது, அந்த எலும்புகள் எப்படி எழும், நிஜமாகவே நம்புகிறீர்களா அல்லது அழுகிறவர்களைத் தேற்றுவதற்காகச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக ஒரு வரி: நண்பனிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

நான் ஓய்வுபெற்ற ஆயர். பெங்களூரில் இறையியல் படித்து, கோலார் தங்கவயலிலும் பெங்களூர்த் தமிழ்ச் சபைகளிலுமாக முப்பத்தொரு வருடம் ஊழியம் செய்தேன். எத்தனை அடக்க ஆராதனை நடத்தியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. நீங்கள் சொன்ன அந்த வரியைப் புத்தகம் பார்க்காமலே சொல்வேன். அப்படிச் சொல்லிப் பழகியவனுக்கு அதன் அர்த்தம் நழுவிவிடும் என்பதால், உங்கள் கேள்வி எனக்குக் கொஞ்சம் உறைத்தது. கிரேக்கம் ஓரளவு வாசிப்பேன். வரலாற்றுத் துறை ஆள் இல்லை. உறுதியாகத் தெரிந்தது எது, நாங்கள் விசுவாசிப்பது எது, எங்களுக்குள்ளேயே இழுபறியாக இருப்பது எது என்று முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயம் என்றால் நம்பிக்கை எதற்கு, நம்பிக்கை என்றால் நிச்சயம் ஏது என்று கேட்டிருந்தீர்கள். இது பாதி தமிழின் சிக்கல். ஒருவரை நம்புவதும் நமக்கு நம்பிக்கைதான், நாளைக்கு நல்லது நடக்கும் என்று காத்திருப்பதும் நம்பிக்கைதான். எங்கள் பழைய வேதாகமம் இரண்டையும் பிரித்து, முன்னதை விசுவாசம் என்றும் பின்னதை நம்பிக்கை என்றும் வைத்தது. ஆரம்பகாலச் சபைகளுக்குப் பவுல் என்ற ஊழியர் எழுதிய ஒரு கடிதத்தில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று வரும். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அதே இடம் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. அதாவது அவர்களுடைய நம்பிக்கை எங்களுக்கு விசுவாசம். எங்களுடைய நம்பிக்கை அவர்களுக்கு எதிர்நோக்கு. சிவாஜிநகரில் கத்தோலிக்க வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து இருக்கும், இந்தக் குழப்பத்தில் பல மாலைகள் வேடிக்கையாகப் போயிருக்கின்றன. எனக்கு எதிர்நோக்கு என்ற சொல் பிடிக்கும். மகன் திருநெல்வேலியில் பஸ் ஏறிவிட்டேன் என்று போன் செய்துவிட்டால், அம்மா காலையில் ஒரு டம்ளர் அரிசி கூடப் போடுகிறாள். அவன் இன்னும் வந்து சேரவில்லை. ஓசூர் தாண்டினானா என்றுகூடத் தெரியாது. ஆனால் அரிசி ஊறிவிட்டது. அந்த வரியில் இருக்கிற ‘நிச்சயம்’ இந்த மாதிரியானது. சொன்ன ஆளைத் தெரியும், அவ்வளவுதான்.

சரி, ஆத்மா விஷயத்துக்கு வருகிறேன். நைந்த துணியைக் களைந்து புதிது உடுத்துவதுபோல ஆத்மா உடலை மாற்றிக்கொள்கிறது என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. பழைய கிரேக்கத்திலும் ஆத்துமா உடம்பென்னும் சிறையிலிருந்து விடுபடுவதைப் பெரிதாகப் பேசியவர்கள் உண்டு. எங்கள் ஆட்களிலேயே பத்துக்கு எட்டுப் பேரைக் கேட்டால், ‘செத்த பிறகு ஆத்துமா பரலோகம் போகும்’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஞாயிறுதோறும் அவர்கள் வாயால் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் அந்த வரி கிடையாது. அதில் இருப்பது ‘சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன்’ என்பது. அதனால் உங்களுக்கு என் பதில் இதுதான்: ஆத்மா அழியாது என்பது எங்கள் செய்தியே இல்லை. அதைச் சொல்ல ஒருவர் சிலுவையில் சாகவும் வேண்டாம், எழவும் வேண்டாம். உடம்பைக் களைந்து போடுகிற துணியாக நாங்கள் பார்க்கவில்லை என்பதில்தான் எல்லாமே தொடங்குகிறது.

இதைக் கல்லூரியில் படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. தங்கவயலில் ஒரு அம்மாதான் கற்றுக்கொடுத்தார். ஒன்பது வயதுப் பையன், மஞ்சள் காமாலை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய், இளம் ஆயர்களுக்கே உரிய அவசரத்தோடு, ‘அழாதீங்கம்மா, பிள்ளை பரலோகத்துல சந்தோஷமா இருக்கான்’ என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, “இருப்பான் ஐயா. எனக்கு அவன் ஸ்கூல் விட்டு வந்து, பையை வீசிட்டு, சோறு போடுன்னு கேக்கணும்” என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து வந்தேன். அவர் கேட்டது பையனை, பையனின் ஆவியை இல்லை. வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது, வேதாகமம் அந்த அம்மாவின் பக்கம் நிற்கிறது என்று.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நாலு சுவிசேஷங்களில் ஒன்றான லூக்காவின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். சிலுவையில் செத்த இயேசு வந்து நடுவில் நிற்கிறார். சீஷர்கள் ஆவியைப் பார்க்கிறோம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். நம் பேச்சில் சொன்னால், பேய் என்று. அவர் என்ன செய்கிறார்? கையையும் காலையும் காட்டி, தொட்டுப் பாருங்கள் என்கிறார். அப்போதும் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. உடனே அவர் கேட்கிற கேள்வி, சாப்பிட இங்கே ஏதாவது இருக்கிறதா என்பது. பொரித்த மீன் ஒரு துண்டு கொடுக்கிறார்கள், அவர்கள் கண்முன் வாங்கிச் சாப்பிடுகிறார். யோவான் சுவிசேஷத்தில் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் வைத்து, வாருங்கள் சாப்பிடுங்கள் என்று அவரே கூப்பிடுகிறார். அன்று வலையில் நூற்றைம்பத்துமூன்று மீன் விழுந்ததாக எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறது. அது ஏன் என்று ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலாக ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மீன் பிடிக்கிறவன் எண்ணாமல் விடுவானா என்பது என் எண்ணம். நம்ப மறுத்த சீஷன் தோமாவுக்குக் காட்டிய காயங்கள் இன்னொரு விஷயம். ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது. பழையதெல்லாம் துடைக்கப்பட்டுப் புது உடம்பு வரவில்லை. பட்ட அடியோடுதான் எழுந்திருக்கிறார்.

அதே சமயம், பழைய வாழ்க்கை திரும்பக் கிடைத்ததாகவும் கதை சொல்லவில்லை. செத்துப்போயிருந்த லாசரு, இயேசு கூப்பிட்டதும், பெத்தானியா ஊரில் நாலு நாள் கழித்துக் கல்லறையிலிருந்து வந்தார். ஆனால் அவர் மறுபடி ஒருநாள் செத்துத்தான் இருக்க வேண்டும். இயேசுவுக்கு நடந்தது வேறு. மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள், பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிகிறது. எம்மாவு போகிற வழியில் இரண்டு பேர் பல மைல் கூடவே நடந்தும் கண்டுகொள்ளவில்லை. பூட்டிய வீட்டுக்குள் நிற்கிறார். அதே ஆள், ஆனால் அதே மாதிரி இல்லை. எழுதியவர்களுக்கே இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திணறுவது வரிகளில் தெரிகிறது. பவுல் இதற்கு ‘முதற்பலன்’ என்று பேர் வைத்தார். அறுவடையில் முதல் கட்டு கோயிலுக்குப் போகும். மிச்ச வயல் பின்னால் வரும். ஈஸ்டரில் நாங்கள் கொண்டாடுவது ஒருவர் தப்பித்ததை மட்டும் என்று இருந்தால், உங்கள் நண்பனின் அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. முதல் கட்டு என்பதால்தான் அந்தக் குழியோரத்தில் அதைச் சொல்ல முடிகிறது.

இனி, இதெல்லாம் நடந்ததா என்ற கேள்வி. கிறிஸ்தவர் அல்லாத ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிற சில விஷயங்கள் உண்டு. பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அந்தக் காலத்தில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் இந்தத் தண்டனையைக் குறிப்பிடுகிறார். கொஞ்ச நாளிலேயே அவருடைய ஆட்கள், அவரை உயிரோடு பார்த்தோம் என்று உறுதியாகச் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்த பவுல், நானும் பார்த்தேன் என்று கட்சி மாறினார். அவர் கொரிந்து சபைக்கு ஏறக்குறைய கி.பி. 55ல் எழுதிய கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் தருகிறார்: பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், யாக்கோபு, கடைசியில் தான். ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார்; வேண்டுமானால் போய்க் கேள் என்கிற தொனி. இந்தப் பட்டியல் தனக்கு முன்பே இருந்தவர்களிடம் பெற்றது என்கிறார். மனம் மாறி மூன்று வருடம் கழித்து எருசலேம் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதாக இன்னொரு கடிதத்தில் இருக்கிறது. ஆகவே இது பல தலைமுறை கழித்து வளர்ந்த கதை என்று தள்ள முடியாது. இவ்வளவு வரைக்கும் காலடியில் தரை கெட்டி.

இதற்கு மேல் தரை இளகும். காலியான கல்லறையை ஏற்கிற ஆய்வாளர்களும் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. நாலு சுவிசேஷங்களும் நுணுக்கத்தில் ஒத்துப்போகவில்லை: கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அங்கே இருந்த தூதர் ஒருவரா இருவரா, சீஷர்கள் அவரைக் கலிலேயாவில் பார்த்தார்களா எருசலேமிலா என்று எல்லாவற்றிலும் வித்தியாசம் இருக்கிறது. மாற்குவின் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டிலும் புத்தகம் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் பயந்துபோய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதே கடைசி வரி. நம் வேதாகமங்களில் அதற்குப் பின் வருகிற பன்னிரண்டு வசனம் பிற்காலத்தில் சேர்ந்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. இதைச் சபையில் சொன்னதற்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கென்னவோ, நாலு சாட்சி ஒரே வார்த்தையில் பேசினால்தான் சந்தேகம் வரும். இன்னொன்றும் கவனியுங்கள். முதலில் கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள் என்று நாலு பேருமே எழுதுகிறார்கள். பெண்ணின் சாட்சியை ஏற்கக் கூடாது என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் அந்த நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். இட்டுக்கட்டுகிறவன் இப்படி இட்டுக்கட்ட மாட்டான் என்பது பலமான வாதம்தான், நிரூபணம் இல்லை. சீஷர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள் என்று வரலாறு சொல்லும். அவர்கள் பார்த்தது எது என்று சொல்லும் கருவி அதனிடம் இல்லை. பின்காஸ் லாபிடே என்ற யூத அறிஞர் இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆதாரம் வேறு, விசுவாசம் வேறு என்பதற்கு அவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது எலும்பு மூட்டை. உங்களுக்கு முன்பே இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் கொடூரமாக. கி.பி. 177ல், இன்று பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்தில், கிறிஸ்தவர்களைக் கொன்ற பிறகு உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இனி எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று பழைய சபை வரலாறு சொல்கிறது. அதற்குப் பிறகும் விசுவாசப் பிரமாணத்திலிருந்து சரீரம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. சிங்கம் தின்றவர்கள், கடலில் போனவர்கள் எல்லாம் கணக்கில் இருந்தார்கள். பழைய அணுக்களைத் தேடிப் பொறுக்கி ஒட்டுவது என்று சில பழைய போதகர்கள் கற்பனை செய்தது உண்மை. பவுல் அப்படிச் சொல்லவில்லை. ‘எந்த உடம்போடு வருவார்கள்’ என்று கேட்டவனுக்கு அவர் கொஞ்சம் சூடாகவே, “புத்தியீனனே, நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே” என்று பதில் எழுதினார். நம் ஊர் அவரை விதையை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வைத்துப் பார்த்தால், பந்தல் முழுக்கப் படர்ந்து ஊதாப் பூ விடுகிற கொடி அதில் எங்கே தெரிகிறது? விதைத்ததும் அவரை, முளைத்ததும் அவரை. தொடர்ச்சி இருக்கிறது, உருவம் அதுவே இல்லை. அதனால் கல்லறையில் எலும்பை மரியாதையாக முடிந்து வைக்கிறோம். அது நம் ஆள் என்பதால்தான்; எழுப்புவதற்குக் கடவுளுக்கு உதவியாக இருக்கும் என்பதால் இல்லை. தகனத்தையும் இதே காரணத்தால் பல சபைகள் இப்போது பெரிதாக எதிர்ப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963ல் தகனத்துக்கு இருந்த தடையைத் தளர்த்தியது. சாம்பலைத் தூவிவிடக் கூடாது, ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்று 2016ல் விளக்கமும் கொடுத்தது.

பவுல் அந்த இடத்தில் ‘ஆவிக்குரிய சரீரம்’ என்று ஒரு சொல் எழுதுகிறார், அது தமிழில் நமக்குப் பெரிய தொல்லை. ஆவி என்றால் நமக்குப் பேய், இல்லாவிட்டால் இட்லிப் பானையில் வருவது. உடனே புகை மாதிரி ஓர் உடம்பு என்று நினைத்துவிடுகிறோம். கிரேக்கத்தில் அந்தச் சொல் உடம்பு எதனால் ஆனது என்று சொல்லவில்லை, எதனால் இயங்குகிறது என்று சொல்கிறது. நமக்கு இப்போது மூச்சு எப்படியோ, அந்த உடம்புக்குக் கடவுளின் ஆவி அப்படி. இதற்கு மேல் அந்த உடம்பைப் பற்றி, எந்த வயதில் இருப்போம், ஒருவரையொருவர் தெரியுமா என்றெல்லாம் கேட்டால், தெரியும் என்று நம்ப எனக்குக் காரணம் உண்டு. வயதைப் பற்றிச் சொல்லப்பட்டது ஒன்றும் இல்லை. படம் வரைந்து காட்டுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அப்படியானால் அந்த அம்மா இப்போது எங்கே? இங்கே எங்களுக்குள் ஒருமித்த பதில் கிடையாது. சிலுவையில் பக்கத்தில் தொங்கியவனிடம் இயேசு, இன்றைக்கே என்னோடு பரதீசில் இருப்பாய் என்றார். பவுல், உடலை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்றார். அதனால் இறந்தவர் அவர் கையில் இருக்கிறார், உயிர்த்தெழும் நாளுக்குக் காத்திருக்கிறார் என்பது பெரும்பான்மைச் சபைகளின் எண்ணம். கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற, ஆத்துமா சுத்தமாகிற ஒரு நிலையையும் சேர்த்து, இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பார்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று அதே ஓசூர் ரோட்டில் போய்ப் பாருங்கள், பூவும் மெழுகுவர்த்தியும் தெரியும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட்காரர்கள் அதுவரை நினைவில்லாத தூக்கம் என்பார்கள். நான் பெரும்பான்மையோடு நிற்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன். இது இடைவேளை, முடிவு இல்லை என்பதில் மட்டும் மூவரும் ஒன்று.

உங்களைப் போன்ற, எங்கள் மதத்தில் இல்லாதவர்களுக்கு இதில் இடம் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். விசுவாசிக்காதவர்களுக்கு வழியே இல்லை என்று அடித்துச் சொல்கிற சபைகள் பெங்களூரில் ஏராளம். உயிர்த்தெழுதலில் பங்குபெறும் வாய்ப்பைக் கடவுளுக்கு மட்டும் தெரிந்த வழியில் தூய ஆவியார் எல்லோருக்கும் தருகிறார் என்று 1965ல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் இந்த விஷயத்தில் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தீர்ப்பு என் வேலை இல்லை, அதில் எனக்கு நிம்மதி.

இனி, ஆறுதலுக்காகச் சொல்வதா என்ற கேள்வி. இந்த எண்ணம் முதலில் பிறந்ததே ஆறுதலுக்காக என்று சொல்ல முடியாது, நியாயத்துக்காக என்று சொல்லலாம். இயேசுவுக்கு முன்பே எழுதப்பட்ட யூத நூலான மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில், தங்கள் வேதத்தை மறுக்காததற்காக ஏழு சகோதரரை ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். மூன்றாமவன் கையை நீட்டி, இவை வானத்திலிருந்து எனக்குக் கிடைத்தவை, அங்கிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். வெட்டியவனுக்குக் கடைசி வார்த்தை கிடையாது என்பதுதான் அவன் சொல்வது. சிலுவையும் ஓர் அரசாங்கம் கொடுத்த தண்டனை என்பதை மறக்கக் கூடாது. தங்கவயலில் இதை ஜனங்கள் என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். தலைமுறை தலைமுறையாக வட ஆற்காட்டுத் தமிழர்கள் உள்ளே இறங்கினார்கள். பாறை வெடித்துப் போனவர்கள் உண்டு, நுரையீரலில் கல்தூசி நிறைந்து இருமி இருமிப் போனவர்கள் அதைவிட அதிகம். அங்கே ஈஸ்டர் காலையில் பாதாளத்தைப் பற்றி வாசிக்கும்போது அவர்களுக்குப் பாதாளம் உவமை இல்லை. கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி இறங்கி வேலைக்குப் போன இடம். ‘பாதாளமே! உன் ஜெயம் எங்கே?’ என்ற வரியை ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி வாங்கி வாசித்தார். அவர் தேறுதல் தேடியதாக எனக்குத் தோன்றவில்லை. எதிரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. 2001ல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குள் அவரை நான்தான் அடக்கம் செய்திருந்தேன்.

அழாதே என்று இந்த நம்பிக்கை யாரிடமும் சொல்வதில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினார். துக்கப்படாதீர்கள் என்று எழுதவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே கல்லறைக்குப் போகிறவர், போகிற வழியில் நின்று அழுகிறார். ‘இயேசு கண்ணீர் விட்டார்’, மூன்றே சொல்லில் ஒரு வசனம். சாவு நல்லது, விடுதலை, இயற்கை என்றெல்லாம் நாங்கள் சொல்வதில்லை. பவுலுக்கு அது சத்துரு, கடைசிச் சத்துரு. அந்த நீண்ட 15ஆம் அதிகாரத்தை அவர் எப்படி முடிக்கிறார் தெரியுமா? ஆகவே பரலோகத்தை நினைத்துச் சந்தோஷமாயிருங்கள் என்று இல்லை. ஆகவே உறுதியாக நில்லுங்கள், நீங்கள் படுகிற பாடு வீணாகாது, வேலையைப் பாருங்கள் என்று. இந்த உடம்பும் இந்த மண்ணும் தூக்கி எறியப்படப் போவதில்லை என்றால், நோயாளியைக் குளிப்பாட்டுவதும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் வீண் இல்லை என்பது அவர் கணக்கு.

நிஜமாக நம்புகிறீர்களா என்று நேராகக் கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். நம்புகிறேன். எல்லா நாளும் ஒரே அளவில் இல்லை. என் மனைவியை அடக்கம் செய்த அன்று இன்னொரு ஆயர் அந்த வரியை வாசித்தார். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பெட்டி மேல் மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது. முதல் கைப்பிடி கல்லோடு சேர்ந்து விழுந்தால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும், நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன், அன்றுதான் அது என்ன சத்தம் என்று தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். நான் வாயசைத்தேன். அடுத்த ஈஸ்டருக்கு விடியற்காலை நாலரை மணிக்கு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சபையார் கூடவே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஏப்ரலிலும் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் குளிரத்தான் செய்தது. யாரோ ஒரு சின்னப் பெண் என் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து, “தாத்தா, மெழுகு கையில வடியும், பேப்பர் சுத்திப் பிடிங்க” என்றாள். அன்றைக்கு என்னால் அந்த வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்ல முடிந்தது. ஏன் அன்றைக்கு முடிந்தது, அதற்கு முன் முடியவில்லை என்று விளக்க எனக்குத் தெரியாது.

நண்பனிடம் என்ன பேசுவது என்பதற்கு, நான் மேலே எழுதிய எதையும் பேச வேண்டாம் தம்பி. ‘அம்மா நல்ல இடத்துக்குப் போயிட்டாங்க’ என்பதை அவன் இதற்குள் ஐம்பது தடவை கேட்டிருப்பான். அம்மா என்ன சமைப்பார்கள் என்று கேளுங்கள், அவனே பேசுவான். அநேகமாக இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து கல்லறைக்குப் போவான். கூடப் போங்கள். புது மண் இன்னும் இறுகியிருக்காது, மழை பெய்திருந்தால் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். குழி வெட்டுகிறவரிடம் சொன்னால் மண் போட்டு மட்டம் பண்ணிக்கொடுப்பார், அதற்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். பூ வாங்குவதானால் சாமந்தி போதும். திரும்பும்போது அவனை வீட்டில் விட்டுவிட்டு ஓடாமல், எங்கேயாவது உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.